பழைய ஸ்பிளெண்டர் முன் ஷாக்கில் ஆயில் கசிவு: ஆயில் சீலை வீட்டிலேயே மாற்றலாமா?

தண்டையார்பேட்டை_21:

வணக்கம். வண்டி 2005 ஸ்பிளெண்டர் பிளஸ், முன்னாடி டிரம் பிரேக், 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. இடது பக்க முன் ஷாக்கில் ஆயில் கசியுது. ராத்திரி துடைச்சு நிறுத்தினாலும், அடுத்த நாள் ஓட்டிட்டு வந்து பார்த்தா பைப்பைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு வளையம். அதுல எண்ணூர் ரோட்டுத் தூசி ஒட்டி கறுப்புக் களிம்பா நிக்குது. வலது பக்கம் காய்ஞ்சு கிடக்கு. பிரேக் அடிச்சா முன்பக்கம் சட்டுனு முங்குது, ஸ்பீட் பிரேக்கர்ல டக்குனு இடிக்குது.

ஒரு மெக்கானிக் ரெண்டு ஷாக்கையும் செட்டோட மாத்தச் சொல்றார். இன்னொருத்தர் கசியுற பக்கம் மட்டும் சீல் போட்டு 20டபிள்யூ40 இன்ஜின் ஆயில் ஊத்தினா போதும்ங்கறார். யார் சொல்றதைக் கேக்குறது? எங்கிட்ட ஸ்பேனர் செட், எல் கீ, சுத்தியல் இருக்கு. வண்டில டபுள் ஸ்டாண்ட் இருக்கு. வீட்டு வாசல்லயே பண்ண முடியுமா?

இன்னொண்ணு: சீலுக்கு ரெண்டு விரல்கடை மேல, பைப்போட முன்பக்கம், மிளகு தூவின மாதிரி நாலஞ்சு துருப் புள்ளி தெரியுது. அதனால ஏதாவது ஆகுமா?

பட்டறை_மூலக்கடை:

தம்பி, கடைசியா போற போக்குல சொன்னீங்களே மிளகுப் புள்ளி, அதுலதான் எல்லாமே இருக்கு. சீல்ங்கிறது ஆயிலை உள்ளே நிறுத்துற ரப்பர் வளையம். அதோட உதடு நூல் அகலத்துக்குப் பைப்பை அணைச்சபடியே ஏறி இறங்குது. துருப் புள்ளியோட விளிம்பு குரோமைத் தூக்கிக்கிட்டு அரம் மாதிரி நிக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த உதட்டைச் சுரண்டும். அதைச் சரி பண்ணாம புதுச் சீல் போட்டா ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காத்துல நிக்கிற வண்டிங்கள்ல வயசாகிக் கசியுற சீல் கம்மி, பைப் கிழிச்ச சீல்தான் ஜாஸ்தி.

முதல்ல பைப்பை நல்லாத் துடைச்சிட்டு, பழைய நைலான் சாக்ஸ் ஒண்ணை விரல்ல சுத்தி மேலேருந்து கீழே ஒரே இழுப்பா இழுங்க. நூல் எங்க மாட்டுதோ அங்க சீலும் மாட்டும். கண்ணுக்குத் தெரியாத புள்ளியையும் சாக்ஸ் காட்டிக் கொடுத்துடும். அடுத்து, பைப்பைச் சுத்தி ஒரு கேபிள் டையை லேசா இறுக்கி டஸ்ட் சீல் (ஆயில் சீலுக்கு மேல தூசியைத் தடுக்கிற ரப்பர்) மேல ஒட்டின மாதிரி தள்ளி வெச்சுட்டு, ஒரு நாள் வழக்கமான ரோட்ல ஓட்டுங்க. டை எந்த உயரத்துல போய் நிக்குதோ அதுவரைக்கும்தான் சீல் ஏறுது. அதுக்கும் மேல இருக்கிற துரு பார்க்க அசிங்கமா இருக்குமே தவிர சீலை ஒண்ணும் பண்ணாது.

கசிவு சீல்லேருந்துதான் வருதான்னும் பார்த்துக்கங்க. பைப்போட உச்சியை மூடுற மேல் போல்டுல இருக்கிற ஓ ரிங் (ரப்பர் வளையம்) செத்திருந்தாலும் ஆயில் பைப் வழியா இறங்கி, பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனா அப்போ பைப் மேலேருந்தே ஈரமா இருக்கும். ஷாக்கோட அடியில சொட்டுதுன்னா அது அடி அலன் போல்டுக்கு (தலையில ஆறுமுகக் குழி இருக்கிற போல்டு) கீழ இருக்கிற செம்பு வாஷர்.

செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு, அதை முதல்ல முயற்சி பண்ணுங்க. டஸ்ட் சீலை நெம்பி மேலே தூக்கிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, முனையில சின்னக் கொக்கி விட்டு, சீல் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவுல நுழைச்சு ஒரு முழுச் சுத்து சுத்தி இழுங்க. உதட்டுக்கு அடியில ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாக்கூடக் கசியும். அது வெளியே வந்துட்டா கசிவு நின்னுடும். உங்க கிலோமீட்டருக்கு நிக்கும்னு எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல, ஆனா அஞ்சு நிமிஷ வேலைதான்.

செட்டோட மாத்தணும்ங்கிறது சோம்பேறி வைத்தியம். ஒரு பக்கம் மட்டும் மாத்துறதும் தப்பு. ரெண்டு சீலுக்கும் ஒரே வயசு, ரெண்டு பக்கமும் ஆயில் ஒரே அளவு, ஒரே தடிமன் இருக்கணும். வீல் எப்படியும் கழட்டத்தான் போறீங்க, ரெண்டையும் பண்ணிடுங்க.

தண்டையார்பேட்டை_21:

நன்றிண்ணே. ஃபிலிம் விட்டுப் பார்த்தேன், கறுப்பு மாவு மாதிரி கொஞ்சம் வந்துச்சு, கசிவு நிக்கல. கேபிள் டை 7 செ.மீ. மேல ஏறி நின்னுச்சு. சாக்ஸ் ரெண்டு இடத்துல மாட்டுது, ரெண்டும் அந்த 7 செ.மீ.க்குள்ளதான். வலது பைப் சுத்தமா இருக்கு. இடது பைப்பை மட்டும் திருப்பிப் போட்டா, புள்ளி பின்பக்கம் போயிடுமே, சரியாகுமா?

மைக்ரோமீட்டர்:

திருப்பிப் போடுவதில் பயன் இல்லை. சீல் 360 டிகிரியும் அணைத்துக்கொண்டுதான் இருக்கிறது, புள்ளி முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் உதடு அதன் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். கல்லடி முன்பக்கம் படுவதால் துரு அங்கே வருகிறது, அவ்வளவுதான்.

ரெண்டே புள்ளி என்றால் பைப்பைக் காப்பாற்றிவிடலாம். ஷாக்கைக் கழற்றிய பிறகு செய்யுங்கள். 1000 நம்பர் உப்புத்தாளை ஆயிலில் நனைத்து, புள்ளியின் மேடு போகும் வரை மட்டும் தேய்த்து, பிறகு 2000-இல் முடியுங்கள். தேய்க்கும் திசை முக்கியம்: பைப்பைச் சுற்றி, அல்லது குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாக. மேலிருந்து கீழாக நீளவாட்டில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஆயில் வெளியேற ஒரு வாய்க்கால். மேடு போன பிறகு பள்ளத்தைத் தின்னர் வைத்துத் துடைத்து, அரால்டைட் பசை ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுபடி 2000-இல் பைப்போடு சமமாகும் வரை தேயுங்கள். விரல் நகத்தை ஓட்டினால் எதுவும் தட்டக் கூடாது. மறுபடி சாக்ஸ் சோதனை.

புள்ளிகள் வரிசையாக இருந்தாலோ, குரோம் செதிலாக உரிந்தாலோ இதெல்லாம் வேண்டாம், பைப்பை மாற்றுங்கள். ஸ்பிளெண்டருக்குப் புதுப் பைப் தாராளமாகக் கிடைக்கிறது. ஹார்ட் குரோம் போடக் கொடுப்பது பைப் கிடைக்காத பழைய வண்டிகளுக்குத்தான் கட்டுப்படியாகும். பழைய குரோமை எடுத்து, பைப்பைக் கிரைண்ட் செய்து, குரோம் ஏற்றி, மறுபடி பழைய அளவுக்குக் கிரைண்ட் செய்வதுதான் ஹார்ட் குரோம். சைலன்சருக்கும் ஹேண்டில்பாருக்கும் போடும் பளபள நிக்கல் முலாமை இதில் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. கண்ணாடி மாதிரி மின்னும், சீக்கிரமே உரியும், உரிந்த செதில் சீலைக் கிழிக்கும். கொடுக்கும்போதே கடைசியில் கிரைண்டிங் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

புதுப் பைப்பானாலும், புதுப்பேட்டையில் எடுத்த பழைய பைப்பானாலும் கடையிலேயே ஷோகேஸ் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். கூடிக் குறைந்தால் கோணல். கழற்றும்போது உங்கள் பைப்பையும் இப்படி உருட்டிவிடுங்கள், கோணல் பைப்பில் எந்தச் சீலும் நிற்காது. வெர்னியர் இருந்தால் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் வெளிவிட்டம் அளந்து, பழைய பைப்பின் துரு இல்லாத பகுதியோடு ஒப்பிடுங்கள். மெலிந்த பைப்பில் நல்ல சீலும் ஒழுகும்.

சீலின் முகத்தில் மூன்று எண் அச்சிட்டிருக்கும், 31-43-10.3 என்பது போல. உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், எல்லாம் மி.மீ. கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய சீலின் எண்ணோடு மூன்றும் பொருந்த வேண்டும்.

பட்டறை_மூலக்கடை:

அப்போ இதெல்லாம் வாங்கிக்கங்க: ஆயில் சீல் 2, டஸ்ட் சீல் 2, அடி அலன் போல்டுக்குச் செம்பு வாஷர் 2, மேல் போல்டுக்கு ஓ ரிங் 2, ஃபோர்க் ஆயில் (முன் ஷாக்குக்குன்னே வர்ற ஆயில்), போல்டு தானா கழறாம இருக்க நீல நிறத் திரெட் லாக்கர் சின்ன டியூப். சீல் மேலே வராமப் பிடிக்கிற லாக் கம்பி துருப்பிடிச்சிருந்தா அதுவும் 2. ஊசியில்லாத 50 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு மெடிக்கல் ஷாப்ல வாங்குங்க, அளக்க அதைவிட நல்ல சாமான் இல்ல. எல் கீ போதாது. 6 மி.மீ. அலன் பிட் ஒண்ணு, அதை மாட்ட நீளமான டி ராடு.

வீட்டு வாசல்ல பண்ணலாம், தரை மட்டமா இருந்தா சரி. ரெண்டு ஷாக்கையும் சேர்த்துப் பிரிக்காதீங்க. ஒண்ணை முடிச்சுட்டு அடுத்தது. சந்தேகம் வந்தா எப்படி இருந்துச்சுன்னு பார்க்க ஒண்ணு முழுசா இருக்கணும்.

வண்டியைத் தூக்குறதுக்கு முன்னாடியே, வீல் தரையில இருக்கும்போதே, ஆக்சில் நட், மேல் போல்டு, அடி அலன் போல்டு மூணையும் கால் சுத்து தளர்த்திடுங்க. கழட்ட வேணாம், 'கிர்ர்'னு பிடி விட்டாப் போதும். இதுல அலன் போல்டுதான் பெரிய விஷயம். அந்த போல்டு உள்ளே இருக்கிற டேம்பர் ராடுல (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற ஓட்டை போட்ட குழாய்) மாட்டியிருக்கு. ஸ்பிரிங் அழுத்தம் இருக்கிற வரைக்கும் ராடு அசையாம நிக்கும். ஸ்பிரிங்கை எடுத்துட்டு போல்டைத் திருகினா ராடும் சேர்ந்து சுத்தும், நாள் பூரா சுத்திட்டு உக்காந்திருக்கலாம். போல்டுத் தலைக்குள்ள 20 வருஷ மண்ணு கெட்டிப்பட்டிருக்கும், ஆணியால நோண்டி எடுங்க. பிட்டை வெச்சு சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி உக்கார வெச்சப்புறம் திருகுங்க. பாதி நுழைஞ்ச பிட்டைத் திருகினா தலை வழிச்சிக்கும், அப்புறம் லேத்துதான்.

அப்புறம் டபுள் ஸ்டாண்ட், இன்ஜினுக்கு அடியில மரக்கட்டை, பின் சீட்ல மணல் மூட்டை இல்லாட்டி ஒரு ஆள். பிரேக் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், வீல், மட்கார்டு. ஷாக்கைக் கவ்விப் பிடிக்கிற கீழ் பிளேட்டோட கிளாம்ப் போல்டைத் தளர்த்தி, மேல் போல்டை எடுத்தா ஷாக்கைத் திருகிக்கிட்டே கீழ இழுக்கலாம். ஹெட்லைட்டைப் பிடிச்சிருக்கிற கவர், ரப்பர் வளையம் எல்லாம் பைப் உருவினதும் பொத்துனு விழும். எது மேல எது கீழன்னு உருவுறதுக்கு முன்னாடியே மொபைல்ல ஒரு படம் எடுத்துக்கங்க.

ஸ்பிரிங்கை எடுக்கும்போது நெருக்கமான சுருள் மேலயா கீழயான்னு பார்த்து வையுங்க, அப்படியேதான் திரும்பப் போகணும். ஆயிலைக் கவுத்து வடிச்சுட்டு, டஸ்ட் சீல், லாக் கம்பி, அடி போல்டு எடுத்தா பைப் தனியா, அலுமினிய பாட்டம் (பைப் உள்ளே இறங்குற கீழ்ப் பாதி) தனியா வந்துடும். பாட்டத்தைக் கவுக்கும்போது கிண்ணம் மாதிரி சின்ன உருப்படி ஒண்ணு விழும், இல்லாட்டி டேம்பர் ராடு நுனியில ஒட்டிட்டு வரும். அதை 'ஏதோ வாஷர்'னு ஓரமா வெச்சுட்டு மறந்தவங்க நிறையப் பேர். அதுதான் ஷாக் முழுசா முங்கும்போது அடியில இரும்பும் அலுமினியமும் மோதாமப் பார்த்துக்குது.

பழைய சீலை டயர் லீவரால நெம்பும்போது பாட்டத்தோட வாய் விளிம்புல துணியோ மரத்துண்டோ வெச்சு நெம்புங்க. உள் சுவர்ல ஒரு கீறல் விழுந்தா புதுச் சீலோட வெளிப்பக்கமா ஆயில் வரும், அதுக்கு மருந்தே கிடையாது. வரலைன்னா கொதிக்கிற தண்ணில துணியை முக்கி சீல் இருக்கிற இடத்துல சுத்துங்க. அலுமினியம் விரியும், சீல் இளகும். புளோ லாம்ப் காட்டாதீங்க.

தண்டையார்பேட்டை_21:

அண்ணே, மாட்டிக்கிட்டேன். வலது பக்கம் அலன் போல்டு வீல் இருக்கும்போதே விட்டுடுச்சு. இடது பக்கம் இறுகியிருந்துச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்னு ஷாக்கை இறக்கி ஸ்பிரிங்கையும் எடுத்துட்டேன். இப்போ போல்டு சுத்துது சுத்துது, வெளியே வரல.

ஞாயித்துக்கிழமை_மெக்கானிக்:

பதறாதீங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்க. மேல் போல்டு தனியா உக்கார பிளேட் இல்லைன்னா, கெட்டி வாஷர் ஒண்ணை வெச்சு போல்டைப் பைப்புல ஏத்துங்க. ஷாக்கைத் தலைகீழா, மேல் போல்டு தரையில ஒரு மரப்பலகை மேல இருக்கிற மாதிரி நிறுத்தி, ஒருத்தர் பாட்டத்தை முழு பலத்தோட கீழே அழுத்தணும். இன்னொருத்தர் அலன் பிட்டைச் சட்டுனு ஒரு வெட்டு வெட்டணும். மெதுவாத் திருகினா சுத்தும். வெட்டினா பிடி விடும். பக்கத்துல பஞ்சர் கடையில இம்பாக்ட் கன் இருந்தா ரெண்டு செகண்ட் வேலை, ஷாக்கைத் தூக்கிட்டுப் போய் காமிச்சுட்டு வந்துடுங்க.

அதுவும் ஆகலைன்னா மாப் கட்டை. ஒரு நுனியைப் பென்சில் மாதிரி, ஆனா மொக்கையா சீவி, ஸ்பிரிங் எடுத்த பைப்புக்குள்ள விட்டு டேம்பர் ராடோட தலையில இறுக்கி அடிங்க. மரம் அதைக் கவ்விக்கும். கட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா போல்டு கழண்டு வரும். மரத்தூள் உள்ள விழும், கழுவி எடுத்துடுங்க. பைப்பை மட்டும் வைஸ்ல பிடிக்காதீங்க. வைஸ் பல்லு பட்ட பைப்பு குப்பைக்கு.

உப்புக்காத்து:

கழுவ மண்ணெண்ணெய், இல்லாட்டி டீசல். பெட்ரோல் வேணாம், வீட்டு வாசல்ல அடுப்பு, சிகரெட், ஏதாவது ஒண்ணு இருக்கும். கழுவின பிறகு சொட்டுகூட உள்ள இல்லாம காய விடணும். பழைய ஆயில் எந்த நிறத்துல வந்துச்சுன்னு பாருங்க. கறுப்புன்னா வயசு. வெள்ளையா மோர் மாதிரி வந்தா தண்ணி பூந்திருக்கு. மழைக்கு கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி நிக்கும்போது இறக்கின வண்டிங்கள்ல இதைப் பார்க்கலாம். அப்படி வந்தா டேம்பர் ராடுல இருக்கிற சின்ன ஓட்டைங்க வரைக்கும் ஊதிச் சுத்தம் பண்ணுங்க, பைப்போட உள் சுவர்லயும் துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

வடிச்ச ஆயிலைத் தெரு ஓரக் கால்வாயில ஊத்தாதீங்க. அது நேரா பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். கேன்ல பிடிச்சுப் பட்டறையில கொடுத்தா பழைய ஆயிலோட சேர்த்துக்குவாங்க.

பட்டறை_மூலக்கடை:

இனி மாட்டுறது. பைப், டேம்பர் ராடு, கிண்ணம் எல்லாத்தையும் பாட்டத்துக்குள்ள இறக்கி, அடி போல்டைப் புதுச் செம்பு வாஷரோட, திரெட்ல ரெண்டு சொட்டு லாக்கர் விட்டு இறுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் சீல். முதல்லயே சீலை அடிச்சுட்டு அது வழியா பைப்பைச் சொருகினா பைப்போட அடி விளிம்பு உதட்டைக் கிழிக்கும். போல்டு முறுக்கு 20 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். டி ராடுல தொங்கி இறுக்கக் கூடாது.

சீல் பைப்போட மேல் நுனி வழியாத்தான் வரணும். அந்த நுனியும் கூர்மையா இருக்கும். ஆவின் பால் கவரைக் கழுவிக் காய வெச்சு, நுனியில தொப்பி மாதிரி மாட்டி, மேல ஃபோர்க் ஆயில் தடவி, அதுமேல சீலை வழுக்கி இறக்குங்க. உதட்டைச் சுத்தி மெல்லிசா ஸ்பிரிங் கம்பி தெரியுற முகம் கீழே, ஆயில் பக்கம். எண் எழுதின முகம் மேலே, உங்களைப் பார்த்து.

அடிக்க பிவிசி பைப் துண்டு: ஃபோர்க் பைப் உள்ளே போகணும், பாட்டத்தோட வாய்க்குள்ள அதுவும் இறங்கணும். புதுச் சீல் மேல பழைய சீலைக் கவுத்து வெச்சு, அதுமேல பிவிசியை வெச்சுத் தட்டுங்க, அடி சீரா விழும். சத்தத்தைக் கேளுங்க. சீல் இறங்குற வரைக்கும் பொத் பொத்துனு செத்த சத்தம். அடியில உக்காந்ததும் டக் டக்குனு கெட்டிச் சத்தமா மாறும். அங்க நிறுத்திடுங்க. பழைய சீலை எடுத்துட்டுப் பார்த்தா லாக் கம்பி உக்கார்ற காடி (வெட்டுப் பள்ளம்) சுத்திலும் ஒரே அளவு தெரியணும். ஒரு பக்கம் மறைஞ்சிருந்தா சீல் சாஞ்சிருக்கு. லாக் கம்பி காடியில உக்காந்ததும் ஸ்க்ரூ டிரைவரால அதைச் சுத்தித் தள்ளிப் பாருங்க, சுழலணும். அப்புறம் டஸ்ட் சீல், அதுக்கு அடியில விரல் நுனி அளவு சிலிகான் கிரீஸ்.

ஞாயித்துக்கிழமை_மெக்கானிக்:

ஆயிலைப் பத்தி நான் சொல்றேன். 20டபிள்யூ40 வேணாம். 'அதுவும் ஆயில்தானே'ன்னு ஊத்துறாங்க. நம்ம ஊர் வெயில்ல, 40 டிகிரியில, இன்ஜின் ஆயில் 10டபிள்யூ ஃபோர்க் ஆயிலைவிட ரெண்டு மடங்குக்கும் மேல தடிமன். டேம்பர் ராடோட ஓட்டை மெல்லிசு ஆயிலுக்குன்னு துளைச்சது. தடிமன் ஆயில் அது வழியாப் போகச் சிரமப்படும். முங்கின ஷாக் முழுசா எழும்புறதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்துடும், கொஞ்சம் கொஞ்சமா முங்கியே நிக்கும். கண்டெய்னர் லாரி ஓடி அலை அலையாப் போன எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல இது நல்லாத் தெரியும்: முதல் மேடு மெத்துனு போகும், நாலாவது மேடு கையை உதறும்.

உப்புக்காத்து:

இதுல எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பின்னாடி கேன் கட்டி, மீன் கூடை கட்டி ஓட்டுற வண்டிக்கு 10டபிள்யூ ரொம்ப இளசு. அதே ஃபோர்க் ஆயில்லயே 15 இல்ல 20 நம்பர் இருக்கு, அதைப் போடலாம்.

ஞாயித்துக்கிழமை_மெக்கானிக்:

ஃபோர்க் ஆயில்லயே கூட்டிப் போடுறதுன்னா சரி, சண்டை இல்ல. இன்ஜின் ஆயில் டப்பாவுல இருக்கிற 20-ம் ஃபோர்க் ஆயில் டப்பாவுல இருக்கிற 20-ம் ஒரே கணக்கு இல்லைன்னு தெரிஞ்சா போதும்.

அளவுக்கு வருவோம். இந்த ரக வண்டிங்களுக்கு ஒரு காலுக்கு, அதாவது ஒரு பக்க ஷாக்குக்கு, 140-லேருந்து 200 மில்லிக்குள்ள வரும். உங்க மாடலோட கையேட்டுல இருக்கிற எண்ணைத்தான் எடுக்கணும். அதுலயும் ரெண்டு எண் இருந்தா, முழுசாப் பிரிச்சுக் கழுவினதுக்குப் பெரிய எண், வடிச்சு மட்டும் ஊத்துறதுக்குச் சின்ன எண். வடிஞ்ச ஆயிலை அளந்து அதே அளவு ஊத்துறது வேணாம், அதுல கசிஞ்சு போனது கணக்குல வராது.

'கொஞ்சம் சேர்த்தே ஊத்து, கல்லு மாதிரி நிக்கும்'னு ஒரு பேச்சு இருக்கு. பைப்போட உள்விட்டம் 25 மி.மீ.ன்னு வைங்க. 10 மில்லி கூடினா உள்ளே மட்டம் 2 செ.மீ. ஏறிடும். ஆயிலுக்கு மேல இருக்கிற காத்துதான் ஷாக்கோட ரெண்டாவது ஸ்பிரிங். அந்த இடம் குறையக் குறைய, ஷாக் முங்கும்போது காத்தழுத்தம் எகிறும், புதுச் சீலைக் காடியிலேருந்தே தள்ளப் பார்க்கும்.

சிரிஞ்ச்ல அளந்து முக்கால்வாசி ஊத்தி, ஸ்பிரிங் இல்லாம பைப்பை மெதுவா பத்துப் பதினஞ்சு தடவை ஏத்தி இறக்குங்க. முதல்ல கொழகொழன்னு காத்து வெட்டும், அப்புறம் மேலேருந்து கீழ ஒரே சீரான இழுப்பு வரும். மீதியை ஊத்திப் பத்து நிமிஷம் நிறுத்துங்க. அப்புறம் பைப்பை முழுசா முங்க வெச்சு, நேரா நிமிர்த்தி, மேலேருந்து ஆயில் மட்டத்தை ஸ்கேல் விட்டு அளங்க. ரெண்டு காலுக்கும் 2 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா சிரிஞ்ச்ல எடுத்தோ விட்டோ சமப்படுத்துங்க. ஸ்பிரிங், புது ஓ ரிங், மேல் போல்டு.

பட்டறை_மூலக்கடை:

வண்டில ஏத்தும்போது உயிர் போற விஷயம் ஒண்ணு. டிரம் தட்டுல ஒரு காடி இருக்கு, ஷாக் பாட்டத்துல ஒரு முட்டு இருக்கு. அந்த முட்டு அந்தக் காடிக்குள்ள உக்காந்தே ஆகணும். உக்காரலைன்னா முதல் பிரேக்லயே தட்டு வீலோட சேர்ந்து சுத்தும், கேபிளைப் பிச்சுக்கிட்டு வீல் லாக் ஆகும். குனிஞ்சு கண்ணால பார்த்துட்டு அப்புறம் நட்டை இறுக்குங்க. கசிஞ்ச ஆயில் டிரம்முக்குள்ள இறங்கியிருந்தா ஷூவை உப்புத்தாள்ல தேய்ச்சு ஒப்பேத்தாதீங்க, மாத்திடுங்க. ஆயில் குடிச்ச ஷூ சூடாகும்போதெல்லாம் கக்கும்.

ஆக்சில் நட்டையும் கீழ் கிளாம்பையும் கையளவு இறுக்கத்துல விட்டு, வண்டியைத் தரையில இறக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலைப் பத்துத் தடவை நல்லா அமுக்குங்க. ரெண்டு காலும் தானா இணைகோட்டுக்கு வரும். அதுக்கப்புறம் முழு இறுக்கம். கால் முறுக்கிக்கிட்டு நின்னா ஒரு பக்கச் சீல் மட்டும் சீக்கிரம் தேயும். பிரேக் லீவர் நுனியில 10-லேருந்து 20 மி.மீ. ஆட்டம் வெச்சு கேபிளைச் சரி பண்ணிட்டு, முதல்ல தெருவுக்குள்ளயே நாலு தடவை பிரேக் அடிச்சுப் பார்த்துட்டு மெயின் ரோடு ஏறுங்க.

மைக்ரோமீட்டர்:

டிஸ்க் பிரேக் வண்டியில் இதைச் செய்பவர்களுக்கு: காலிப்பரைக் கழற்றியதும் கம்பி போட்டு ஹேண்டிலில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஒரு மரச்சில்லு வைத்துவிடுங்கள். யாராவது வந்து சும்மா லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஆயில் பட்ட பேடை மாற்றி, டிஸ்க்கை பிரேக் கிளீனரில் துடையுங்கள்.

தண்டையார்பேட்டை_21:

முடிச்சாச்சு. மாப் கட்டை வேலை செஞ்சுது, அந்த போல்டு வர்றதுக்குத்தான் பாதி நாள் போச்சு. ரெண்டு புள்ளியையும் அரால்டைட் வெச்சு சமப்படுத்தினேன், சாக்ஸ் மாட்டல. 10டபிள்யூ ஊத்தினேன். இடிக்கிற சத்தம் போயிடுச்சு. ஆனா 40 கிலோமீட்டர் ஓடின பிறகு இடது பைப்புல லேசா ஒரு மினுமினுப்பு தெரியுது. சீல் போச்சா?

பட்டறை_மூலக்கடை:

மாட்டும்போது தடவின ஆயிலும் டஸ்ட் சீலுக்கு அடியில இருக்கிற கிரீஸும் முதல் நூறு கிலோமீட்டருக்கு வெளியே வரத்தான் செய்யும். துடைச்சுட்டு, முன் பிரேக்கைப் பிடிச்சு இருபது தடவை அமுக்கிப் பாருங்க. விரலை வெச்சா மெல்லிசாப் படலம் ஒட்டினா பரவாயில்ல, சீல் ஈரமா இருந்தாத்தான் உதடு தேயாது. கோடு மாதிரி வளையம் கட்டி, அது கீழே வழிஞ்சா மட்டும் மறுபடி பிரிக்கணும்.

உப்புக்காத்து:

வாரத்துக்கு ஒரு தடவை பைப்பை நல்ல தண்ணில கழுவித் துடைச்சு, ஃபோர்க் ஆயில் நனைச்ச துணியால ஒரு தேய்ப்பு. வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்னை டஸ்ட் சீல் மேல நேரா அடிக்க விடாதீங்க. ரப்பர் பூட் மாட்டலாம்னு தோணும். மாட்டினா அடியில தண்ணி வடியுற ஓட்டை இருக்கிறதா பாருங்க. ஓட்டை இல்லாத பூட்டுக்குள்ள உப்புத் தண்ணி தேங்கி, கழட்டிப் பார்க்கும்போது பைப் பூரா மிளகு தூவியிருக்கும்.